காஞ்சித் தறியும் வானத்து ஜரிகையும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், பட்டுத் தறிகளைப் பற்றிக் கட்டுரை எழுதும் உத்தேசத்துடன் காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தேன். போன காரியம் ஒன்று. எழுத நேர்ந்தது வேறொன்று. அதற்குக் காரணம் மின்சாரம்தான்!

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. தறிக்குழியில் அமர்ந்திருந்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். கோர்வைச் சேலை ஒன்று தறியில் ஏறியிருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்காக மூன்று நாடாக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது பட்டென்று விளக்கு அணைந்துவிட்டது. தெரு முழுவதும் இருள்.

"மாடிக்கு வாங்க தம்பி, காத்தாட உட்காரலாம்" என்றார் பெரியவர்.

மாடியில் அவருடைய பேத்தி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் பௌதிகம் படிக்கிற பெண். எங்களைக் கண்டதும், "தாத்தா, சீக்கிரம் வாங்க! கரண்ட் வர்றதுக்குள்ளே பார்த்துடுங்க!" என்று தென்கிழக்கே கையைக் காட்டினாள்.

நேயர்களே, தை மாதத்து முன்னிரவில் நீங்களும் அந்தத் திசையில் பார்த்திருப்பீர்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள், ஊசியில் கோத்த மாதிரி. அவற்றுக்கு வடக்கே சிவந்து மினுங்குவது நம் திருவாதிரை. அந்த மூன்றுக்குத் தெற்கே மங்கலாக இன்னும் சில புள்ளிகள் தொங்குகின்றன. அவற்றுள் நடுவில் இருப்பதை உற்றுப் பாருங்கள். அது நட்சத்திரம் போல் கூர்மையாக இராது. கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் சற்றுப் புகைந்து தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா.

'நெபுலா' என்பது லத்தீன் சொல். மூடுபனி, மேகம் என்று அர்த்தம். தமிழில் 'ஒண்முகில்' என்கிறார்கள். வாயுவும் தூசும் திரண்ட பிரம்மாண்டமான மேகம் அது. ஓரியன் நெபுலாவில் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒளி போய்ச்சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகுமென்றால் அதன் பரப்பை ஊகித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நம் கண்ணுக்கு ஒளி வந்துசேர ஏறத்தாழ 1,300 ஆண்டுகள். அன்றிரவு அந்த மாடியில் எங்கள் கண்ணில் விழுந்த ஒளி, ராஜசிம்ம பல்லவன் இதே காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளி!

பெரியவரின் கேள்வி

பேத்திக்கு வானசாஸ்திரம் மேற்படிப்புப் படிக்க ஆசை. விண்ணப்பத் தாள் பொங்கலுக்கு முன்பே வந்து பீரோவுக்குள் காத்திருக்கிறது. வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. மகன் தறியை விட்டுவிட்டுக் கடை வேலைக்குப் போய்விட்டார். பேத்தியும் வெளியூர் போய்விட்டால் வீட்டில் தறிச் சத்தம் தம்மோடு நின்றுவிடும் என்ற கவலை பெரியவருக்கு. அதை அவர் நேராகச் சொல்லவில்லை. வேறு விதமாகக் கேட்டார்:

"இவ சொல்றா, லடாக்கிலே மலை உச்சியிலே டெலஸ்கோப்பாம். ஆனா அதைத் திருகறவங்க பெங்களூர்ப் பக்கம் உட்கார்ந்திருக்காங்களாம். கை படாத தறியிலே நெய்ததைக் கைத்தறின்னு சொன்னா ஒத்துக்குவீங்களா தம்பி? அந்தப் படத்தை எடுத்தது யாரு? ஆளா, மிஷினா?"

நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் படித்துப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஹான்லே மலையும் ஹோஸ்கோட்டை அறையும்

லடாக்கில் ஹான்லே என்று ஓர் ஊர். அதனருகே சரஸ்வதி என்று பெயரிட்ட மலை. உயரம் சுமார் 4,500 மீட்டர். அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனம் ஒரு தொலைநோக்கியை நிறுவியிருக்கிறது. அதன் கண்ணாடியின் குறுக்களவு 2 மீட்டர். 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் அது முதல்முறையாக வானத்து ஒளியைக் கண்டது. மறு ஆண்டிலேயே, பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டையில் உள்ள நிலையத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக அதை இயக்க ஏற்பாடாயிற்று.

அதற்கு இட்ட பெயர் நமக்கு நெருக்கமானது: 'இமாலய சந்திரா தொலைநோக்கி'. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் ஞாபகார்த்தம்.

'இவ்வளவு தொலைவில் கொண்டுபோய் வைப்பானேன்?' என்று கேட்கலாம். அந்த மலைக்குக் கீழே நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றில் பாதிக்குச் சற்றே குறைவான பகுதி தங்கிவிடுகிறது. உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். காற்று குறைந்தால் நட்சத்திரங்களின் நடுக்கமும் குறையும். மழை அபூர்வம். ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட இரவுகள் வேலைக்கு உகந்தவை.

தொலைநோக்கிக்குச் சொர்க்கமான அந்த இடம் மனிதனுக்கு அப்படியல்ல. குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரிக்கும் இறங்கும். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், கணக்குப் போடுகிற மூளை மந்தமாகும். விடிய விடியக் கவனமாக இருக்க வேண்டிய வேலைக்கு இது தோதுப்படுமா? ஆகவே, பராமரிப்புக்கு ஆட்கள் மலையில் இருக்க, ஆராய்ச்சி செய்பவர்கள் ஹோஸ்கோட்டையில் கணினித் திரைகளின் முன் அமர்ந்துகொள்கிறார்கள்.

ஹோஸ்கோட்டைக்கும் ஹான்லேக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 2,200 கிலோமீட்டர்தான். ஆனால் 'இன்ன நட்சத்திரத்துக்குத் திரும்பு' என்ற ஆணை நேர்வழியில் போவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து மறுபடியும் இறங்குகிறது. மொத்தம் 72,000 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். அதற்குப் பிடிக்கிற நேரமோ கால் விநாடி! "திரும்பிவிட்டேன்" என்ற பதில் வர இன்னொரு கால் விநாடி. பக்கத்து அறையில் இருக்கிற பையனைக் கூப்பிட்டால்கூட இவ்வளவு சீக்கிரம் பதில் வருவதில்லை அல்லவா?

நீண்ட குவியத்தின் வித்தை

'தொலைநோக்கி பெரிதாக்கிக் காட்டும்' என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது செய்கிற முதல் உபகாரம் ஒளியைச் சேகரிப்பது. அகலமான அண்டாவில் அதிக மழைநீர் விழுவது போல, அகலமான கண்ணாடியில் அதிக ஒளி விழுகிறது. அந்த ஒளியால் உருவாகும் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை நிர்ணயிப்பது 'குவியத் தூரம்'.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சாதாரணக் காமிராவில் 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் இருந்தால், பௌர்ணமிச் சந்திரன் அதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியாக விழும். கேழ்வரகில் பாதி கூட இராது. இமாலய சந்திராவின் குவியத் தூரம் சுமார் 18 மீட்டர். அதன் குவியத்தில் அதே சந்திரன் ஆறு அங்குலத்துக்கு மேல் அகன்ற தட்டாக விழும்!

அப்படியானால் தொலைநோக்கி 18 மீட்டர் நீளமா? இல்லை. பெரிய கண்ணாடியில் பட்ட ஒளி மேலே போய், ஒரு சிறிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பெரிய கண்ணாடியின் நடுவே இருக்கும் துளை வழியாகப் பின்புறம் வந்து குவிகிறது. ஆறு கெஜச் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது போல ஒளியின் பாதையை மடித்துவிடுகிறார்கள்.

ஆனால் நீண்ட குவியத்தில் ஒரு சங்கடம். சந்திரன் பெரிதாவது போல, சிறு அசைவும் பெரிதாகிவிடும். பூமி சுற்றுவதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தினால் நட்சத்திரத்தின் பிம்பம் ஒரு விநாடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஓடிவிடும். பத்து நிமிஷம் படம் எடுக்க வேண்டுமென்றால், அந்தப் பத்து நிமிஷமும் தலைமயிரின் கனத்துக்குக்கூட பிசகாமல் டன் கணக்கான யந்திரம் வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அருகே ஒரு நட்சத்திரத்தை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு, அது சற்று விலகினாலும் உடனே திருத்திக்கொள்கிறது.

இன்னொரு சங்கடம், பார்வை குறுகிவிடும். இமாலய சந்திராவின் முக்கியக் கருவி ஒரு தடவையில் காண்பது, சந்திரனின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள சிறிய சதுரத்தை மட்டுமே. எங்கள் மாடியிலிருந்து பார்த்த ஓரியன் நெபுலாவோ இரண்டு சந்திரன் அகலம்! அது இந்தச் சதுரத்துக்குள் அடங்காது. துண்டு துண்டாக எடுத்துச் சேர்க்க வேண்டும். இதற்குப் பொருத்தமானவை ரோகிணி இருக்கும் ரிஷப ராசியில் உள்ள நண்டு நெபுலா போன்ற சிறியவை.

நண்டு நெபுலாவின் கதையும் நம் சந்திரசேகரிடம் வந்து சேர்கிறது. 1054-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சீன தேசத்தார் வானத்தில் ஒரு புதிய 'விருந்தாளி நட்சத்திரத்தை'க் கண்டு எழுதிவைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பி நாற்பத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பட்டப் பகலிலும் 23 நாட்கள் தெரிந்ததாம்! ஒரு பெரிய நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் நொறுங்கி வெடித்த காட்சி அது. நட்சத்திரத்தின் உட்கரு எந்த அளவு வரை தன் எடையைத் தாங்கும் என்ற எல்லையைக் கணக்கிட்டவர், 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பத்தொன்பது வயது சந்திரசேகர்!

அன்று ஐம்பத்தொரு நிமிஷம்

நெபுலாவைப் படமெடுப்பது புதிய ஆசை அல்ல. 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தார். ஐம்பத்தொரு நிமிஷம் தொலைநோக்கியோடு தகட்டைத் திறந்துவைத்திருந்தார். அதுவரை கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தவைதான். ஒருவர் வரைந்தது போல் இன்னொருவர் வரைந்ததில்லை.

நம் நாட்டிலும் இந்தப் பரம்பரை பழையது. சென்னையில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வானாய்வுக்கூடம் இருந்தது. 1899-இல் கொடைக்கானல் வந்தது. சென்னையில் 1927-இல் பிறந்த வைணு பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே நம்மவர்களே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைப் பார்க்கப் பாப்புதான் உயிருடன் இல்லை; 1982-இலேயே காலமாகிவிட்டார். இன்று அந்தத் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

டிரேப்பரின் காலத்துத் தகட்டுக்கும் இன்றைய முறைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பழைய தகட்டில் விழுந்த ஒளித் துகள்கள் நூற்றில் இரண்டோ மூன்றோதான் பதிந்தன. இன்று தகட்டுக்குப் பதிலாக சிலிக்கான் வில்லை இருக்கிறது. நூற்றில் எண்பதுக்கு மேல் பிடித்துவிடும். 1969-இல் அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்த இருவருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வில்லை எப்படி இருக்கும்? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. புட்டாவும் யாளியும் நெய்வதற்கு முன், கட்டம் போட்ட தாளில் படம் போடுகிறார்கள் அல்லவா? ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கிற ஓரிடம். அதே மாதிரி கட்டங்கள்தான் இங்கேயும்: வரிசைக்கு 2,048 வீதம் 2,048 வரிசை, மொத்தம் ஏறக்குறைய நாற்பத்திரண்டு லட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று ஓர் எண். ஹான்லேயிலிருந்து கீழே வருவது படமல்ல, நேயர்களே, எண்கள்!

அந்த எண்களை அப்படியே நம்பிவிட முடியாது. வில்லையிலேயே சில கட்டங்கள் பழுது. வானவெளியிலிருந்து வரும் துகள்கள் குறுக்கே பாய்ந்து கோடு கிழிக்கும். கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் படத்தில் வட்டக் கறை. வில்லை சூடாக இருந்தால் இல்லாத ஒளியை இருப்பதாகச் சொல்லும். அதனால் அதைக் கடுங்குளிரில் வைக்கிறார்கள். சாயங்காலத்து வெறும் வானத்தைப் படமெடுத்து எந்தக் கட்டம் சோம்பேறி, எந்தக் கட்டம் சுறுசுறுப்பு என்று கணக்கெடுக்கிறார்கள். ஒரே படத்தைப் பல தடவை எடுத்து அடுக்கி, ஒன்றில் மட்டும் உள்ள கோட்டைக் களைகிறார்கள். குளிரில் உலோகம் சுருங்கிக் குவியம் தப்பினால் சரிசெய்கிறார்கள். மேகம் வந்தால் மூடுகிறார்கள்.

இந்தச் சிவப்பு அசலா?

இவையெல்லாம் நான் பிறகு படித்தவை. அன்றிரவு மாடியில் நடந்ததை முடித்துவிடுகிறேன்.

பேத்தி தன் கைபேசியில் நண்டு நெபுலாவின் படத்தைக் காட்டினாள். 'ஹப்பிள்' விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. 1990-இல் ஏவப்பட்ட அதுவும் தரையிலிருந்து இயக்கப்படுவதுதான். குவியத் தூரம் 57.6 மீட்டர்! அந்தப் படம் இருபத்து நான்கு தடவை எடுத்ததைச் சேர்த்துத் தைத்தது. பின்னிப் பிணைந்த இழைகள், நடுவே நீல ஒளி, ஓரங்களில் சிவப்பும் பச்சையும்...

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பட்டு நெய்கிறவர் கண் அல்லவா? முதல் கேள்வியே நிறத்தைப் பற்றித்தான் வந்தது.

"இந்தச் சிவப்பு அசலா? இல்லே, சாயமா?"

"சாயம்தான் தாத்தா" என்றாள் அந்தப் பெண் சற்றும் தயங்காமல். "கண்ணால பார்த்தா இவ்வளவு நிறம் தெரியாது. ஒவ்வொரு வாயுவும் அதுக்குன்னு ஒரு ஒளியைத்தான் விடும். ஒரு கண்ணாடி வடிகட்டி வைச்சா கந்தகத்தோட ஒளி மட்டும் வரும்; இன்னொண்ணு வைச்சா ஆக்ஸிஜன் மட்டும். தனித்தனியா கறுப்பு வெள்ளையா எடுத்து, எது எங்கே இருக்குன்னு பிரிச்சுத் தெரியறதுக்காக ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம் கொடுத்துச் சேர்ப்பாங்க. நிறம் நாம கொடுத்தது. ஆனா எந்த இடத்திலே எவ்வளவு இருக்குங்கறது வானம் கொடுத்தது. அதை மாத்தக் கூடாது."

பெரியவர் மெல்லத் தலையை ஆட்டினார். "கிராப் ஒண்ணுதான், அரக்கிலேயும் நெய்யலாம், பச்சையிலேயும் நெய்யலாம்கிற மாதிரி."

"அதேதான் தாத்தா! மூணு வடிகட்டி, மூணு படம். உங்க மூணு நாடா மாதிரி."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணே தாத்தாவின் பழைய கேள்வியை எடுத்தாள்.

"நம்ம தறியிலே பாவு இழையை யாரு தூக்கறாங்க தாத்தா? நீங்களா? ஜாக்கார்டு பெட்டியிலே தொங்கற ஓட்டை போட்ட அட்டைதானே எந்த இழை ஏறணும்னு சொல்லுது? அதுக்காகச் சேலையை அட்டை நெய்ததுன்னு யாராவது சொல்வாங்களா?"

"அட்டைக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியவர். "இழை அறுந்தா அதுக்குத் தெரியுமா? பார்த்து முடியறவன் நான்தானே?"

"அங்கேயும் அறுந்த இழையைப் பார்க்கறதுக்குத்தான் தாத்தா ஆள் ராத்திரி பூரா முழிச்சிருக்கறது."

பெரியவர் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. படத்தை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். தாமே இயங்கும் தொலைநோக்கிகள் உலகில் வந்துவிட்டன. ஹான்லேயிலும் 2018 முதல் அப்படி ஒன்று இருக்கிறது. யந்திரம் மேலும் மேலும் கற்றுக்கொள்ளும். என்றாலும் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததில் எதை நம்பலாம் என்று தீர்மானிக்கக் கண் தேர்ந்த மனிதர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்தக் கண், நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவே ஒரு பிசகைக் கண்டுபிடிக்கிற வீட்டில் பிறந்திருந்தால் லாபம் யாருக்கு?

விளக்கு வந்தது

திடீரென்று மின்சாரம் வந்துவிட்டது. தெரு விளக்குகள், கடை விளக்குகள், கோபுரத்து விளக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்தன. அண்ணாந்து பார்த்தேன். மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே இருந்த புகை போன போக்குத் தெரியவில்லை. 1,300 ஆண்டுகள் பயணம் செய்து காஞ்சி வரை வந்த ஒளி, கடைசி நூறு அடியில் தோற்றுப்போயிற்று!

இது காஞ்சியின் கதை மட்டுமல்ல. ஊர்கள் வளர வளர, மலைமேல் இருக்கும் வானாய்வுக்கூடங்களின் வானமும் வெளுக்கிறது. அதை உணர்ந்துதான் 2022-இல் ஹான்லேயைச் சுற்றி 'இருள் வானக் காப்பகம்' ஒன்றை அறிவித்தார்கள். காட்டு மிருகங்களுக்குச் சரணாலயம் இருப்பது போல இருட்டுக்கு ஒரு சரணாலயம்! அங்குள்ள கிராமத்தார் வெளி விளக்குகளைக் கீழ்நோக்கி மறைத்துவைக்கிறார்கள். ஜன்னலுக்குத் திரை போடுகிறார்கள். உள்ளூர் இளைஞர்களுக்குச் சிறு தொலைநோக்கிகள் கொடுத்துப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுவது அவர்களுக்குத் தொழிலாகவும் ஆகியிருக்கிறது.

நாம் காஞ்சிபுரத்தை இருட்டாக்க முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் தெருவுக்கு வேண்டிய வெளிச்சம் தெருவில்தானே விழ வேண்டும்? விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் மின்சாரமும் மிச்சம், வானமும் மிச்சம்.

நான் விடைபெற எழுந்தேன். மாடிப்படியின் தலைப்பில் ஒரு குண்டு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

"பாப்பா, அந்த விளக்கை அணை. தம்பிக்குப் படியிலே நான் டார்ச்சு காட்டறேன்."

விளக்கு அணைந்தது. பாதிப் படி இறங்கியவர், நின்று திரும்பிச் சொன்னார்:

"பீரோவிலே இருக்குதே அந்தத் தாள், அதைக் காலையிலே எடுத்து வை. உங்கப்பன் கிட்டே நான் பேசறேன்."

மேலே இருட்டிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் அந்நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாளோ, எனக்குத் தெரியாது. நாங்கள் கீழே இறங்கி வருவதற்குள் பக்கத்து வீட்டில் தறி மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டது.